கப்பன் என்னும் பெயர்

பெங்களூர் வாழ் தமிழ்க் குடும்பங்களில் கப்பன் பூங்காவை அறியாதார் இலர். ஆயினும் அப்பெயரின் பிறப்பை எண்ணிப் பார்த்தவர் சிலரே. "அப்பா, கப்பன் என்பது அவர் பெயரா, அவருடைய அப்பா பெயரா?" என்று என் மகள் வினவியபோதுதான் நானும் அதனை ஆராயப் புகுந்தேன்.

சர் மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை மைசூர்ச் சீமையின் கமிஷனராக ஆண்டவர். அவர் ஆங்கிலேயர் அல்லர். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலிற் கிடக்கும் மான் தீவினர். அத்தீவின் பழைய மொழியில் 'மக்' என்றால் மகன். (நம் 'மகன்' என்னும் சொல்லோடு உறவு கொண்டாட வேண்டா, அது தற்செயலான ஒலியொப்புமையே.) கில்பர்ட் என்னும் பெயரின் செல்ல வடிவம் கிப்பன். கிப்பனின் மகன் 'மக் கிப்பன்'. நாளடைவில் 'ம' தேய்ந்து மறைய, ஈற்றுக் ககரம் மட்டும் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டு 'கப்பன்' ஆயிற்று. 'மக் வில்லியம்' அவ்வாறே குவில்லியம் ஆனது. அத்தீவின் குடிப்பெயர்கள் பல ககர ஒலியில் தொடங்குவதன் காரணம் இதுவே. பிழைப்புத் தேடி லிவர்ப்பூலுக்கும், 1820களில் அமெரிக்காவின் ஓஹியோவுக்கும் குடிபெயர்ந்த தீவினர் இத்தகைய பெயர்களை உடன்கொண்டு சென்றனர்.

ஆகவே, என்றோ வாழ்ந்த ஒரு தந்தையின் பெயர், மகனோடு நில்லாது வழிவழியாக உறைந்துவிட்டது. நம் தலைப்பெழுத்தோ தலைமுறைதோறும் மாறுவது. என் மகளின் பள்ளி விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன், திருப்பி அனுப்பிவிட்டனர். வேறு வழியின்றி என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். அவள் பேரனும் அதனைச் சுமப்பானோ, யார் கண்டார்!

கப்பன் மணம் புரியாதவர். 1861இல் தாயகம் திரும்பும் வழியில் சூயஸில் காலமானார். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை வந்தது அதற்குப் பின், 1864இல்தான்; நம்மவர் பலரின் முன்னோர் வந்திறங்கிய பாதை அது. 1870இல் சாங்கி அமைத்த பூங்காவுக்கு முதலில் மீட் என்பவர் பெயரே வழங்கியது. பிறகே கப்பன் பெயர் நிலைத்தது. 1927இல் சாமராஜேந்திரர் பெயரைச் சூட்டியும் மக்கள் நா மாறவில்லை. மகப்பேறில்லாத அம்மனிதரின் குடிப்பெயரைக் கப்பன்பேட்டை, கப்பன் சாலை, 2016இல் திறந்த மெட்ரோ நிலையம் ஆகியன இன்றும் தாங்கி நிற்கின்றன.