ஹிஜ்ருக்குப் புறப்படும் முன்

உம்ராவுக்குச் செல்லும் குடும்பங்கள் பல, மதீனா ஜியாரத்தை முடித்தபின் அல்உலாவுக்கும் மதாயின் ஸாலிஹுக்கும் செல்லத் திட்டமிடுகின்றன. மதீனாவிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ள அல்உலாவைச் சாலை வழியாக நான்கு மணி நேரத்திற்குள் அடையலாம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், திருக்குர்ஆனின் 15ஆம் அத்தியாயத்திற்குப் பெயராக அமைந்த அல்ஹிஜ்ர் இருக்கிறது. பெற்றோர் நம்மிடம் கேட்பவை இரண்டு: அங்கே போகலாமா? அங்குள்ள குடைவுகள் உண்மையிலேயே ஸமூது கூட்டத்தாரின் வீடுகள்தாமா? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதற்கேள்வியும் தெளிவாகும்.

ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து, அச்சமற்று வாழ்ந்தவர்கள் என்று இறைமறை கூறுகிறது. அவர்களிடம் ஸாலிஹ் (அலை) அவர்கள் தூதராக அனுப்பப்பட்டார்கள். அத்தாட்சியாக ஒரு பெண் ஒட்டகம் வந்தது. தண்ணீர் ஒரு நாள் அதற்கு, மறுநாள் மக்களுக்கு என முறை வகுக்கப்பட்டது. அவர்கள் அதனைக் கொன்றார்கள், அழிக்கப்பட்டார்கள். வரலாற்று ஆவணங்களிலும் இப்பெயர் உண்டு. கி.மு. 715ஆம் ஆண்டையொட்டி அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன், தான் வென்ற அரபுக் குலங்களுள் ஒன்றாக ஸமூதைத் தன் கல்வெட்டில் குறித்திருக்கிறான்.

இன்று அங்கே கண்முன் நிற்பவை வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. யுனெஸ்கோ 2008இல் இத்தலத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சவூதி அரேபியாவில் அத்தகுதி பெற்ற முதல் தலம் இதுவே. இங்குள்ள 111 பெரிய பாறைக் குடைவுகளும் கல்லறைகள். அவற்றுள் 94 சிற்ப வேலைப்பாடு கொண்டவை. பெட்ராவைத் தலைநகராகக் கொண்டிருந்த நபத்தியர் என்னும் வணிக மக்கள், பெரும்பாலும் கி.பி. முதல் நூற்றாண்டில் இவற்றைக் குடைந்தனர். பல வாயில்களின் மேல் உரிமையாளரின் பெயரும், மன்னனின் ஆட்சியாண்டும், கல்லறையை விற்பவர்மீதும் அதில் அந்நியரைப் புதைப்பவர்மீதும் சாபமும் பொறிக்கப்பட்டுள்ளன. உரிமையாளர்களுள் பெண்களும் உண்டு. தனித்து நிற்கும் பெரும்பாறையில் அமைந்த கஸ்ருல் ஃபரீதின் அடிப்பகுதி வேலை முடியாமலே நின்றுவிட்டது. மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள் என்பதை அது காட்டிவிடுகிறது.

அப்படியானால் வேதத்தின் கூற்றுக்கு இது முரணா? இல்லை. ஒரே நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சமுதாயங்கள் குடியேறுவது இயல்பு. அப்பகுதி ஸமூதின் நிலம் என்பதை ஹதீஸ் நமக்கு உறுதிப்படுத்துகிறது. இன்று காணும் இந்த வாயில், இந்தத் தூண் அவர்கள் செதுக்கியது என்று குர்ஆனும் சொல்லவில்லை, ஹதீஸும் சொல்லவில்லை. ஆகவே, பிள்ளை ஒரு கல்லறையைச் சுட்டிக்காட்டி, "இது அவர்களுடைய வீடா?" என்று கேட்டால், "இது பின்னால் வந்தவர்களின் கல்லறை, ஆனால் இந்த மண்ணில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள்" என்று தயங்காமல் சொல்லலாம். உண்மையைச் சொல்வதால் ஈமான் குறைவதில்லை.

இனி முதற்கேள்வி. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கி.பி. 630இல், கடும் கோடையில் நபி (ஸல்) அவர்கள் தபூக்கை நோக்கிப் படையுடன் புறப்பட்டார்கள். வழி ஹிஜ்ர் ஊடாகச் சென்றது. வேதனைக்குள்ளான மக்களின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் என்று தோழர்களை எச்சரித்தார்கள். தலையை மூடிக்கொண்டு, அப்பள்ளத்தாக்கைக் கடக்கும்வரை விரைந்து சென்றார்கள். அங்குள்ள கிணறுகளில் இறைத்த நீரைக் கொட்டிவிடவும், அந்நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடவும், அந்தப் பெண் ஒட்டகம் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் நீர் எடுக்கவும் கட்டளையிட்டார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இச்செய்தியை இப்னு உமர் (ரலி) வாயிலாகப் பதிவு செய்துள்ளார்கள்.

இந்தக் கட்டளை ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பின், 1326இல், டமாஸ்கஸ் ஹஜ் பயணக் கூட்டத்தோடு இப்னு பதூதா இவ்வழியே சென்றார். ஹிஜ்ரின் கிணற்றில் நீர் நிறைந்திருந்தும், எத்தனை தாகமாயினும் ஹாஜிகள் எவரும் அதில் இறைப்பதில்லை என்று அவர் எழுதுகிறார். செந்நிறப் பாறைகளில் குடைந்த வீடுகளையும், அவற்றுள் உளுத்துப்போன எலும்புகளையும் குறிப்பிடுகிறார். அவை கல்லறைகள் என்பதை அறிந்த நமக்கு அந்த எலும்புகளின் காரணம் விளங்குகிறது. பின்னர் அக்கூட்டம் அல்உலாவை அடைந்து நான்கு நாட்கள் தங்கியது. பேரீச்சந் தோட்டங்களும் ஓடும் நீரும் உள்ள அவ்வூரில் ஹாஜிகள் துணி துவைத்தனர், உணவு சேர்த்தனர், மிகுதிச் சுமைகளை நம்பிக்கையான ஊராரிடம் விட்டுச் சென்றனர்.

நம் திட்டத்திற்கும் இதுவே நல்ல மாதிரி. ஓய்வும் உணவும் மகிழ்ச்சியும் அல்உலாவில் இருக்கட்டும். ஹிஜ்ரில் சில மணி நேரம் போதும். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். இரவுக் குளிருக்குக் கம்பளி தேவைப்படும். வேதனை இறங்கிய இடங்களில் தொழுவதைக் குறித்து இமாம் புகாரி தனித் தலைப்பே அமைத்திருப்பதால், தொழுகையை அல்உலாவில் நிறைவேற்றிக்கொள்வது பேணுதலானது. இப்பயணம் உம்ராவின் பகுதியன்று. நன்மையை நாடிப் பயணம் மேற்கொள்ளத்தக்க மூன்று பள்ளிவாசல்களுள் ஒன்று மதீனாவிலேயே இருக்கிறது.

வெறும் பொழுதுபோக்காக அங்கே செல்வதை அறிஞர் பலர் கண்டிக்கின்றனர். படிப்பினைக்காகச் செல்வதைச் சிலர் அனுமதிக்கின்றனர். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் ஒன்றை இருசாராரும் ஏற்பர்: நபியவர்கள் தலைகுனிந்து கடந்த இடத்தில், நாம் கைப்பேசியை உயர்த்திச் சிரித்து நிற்பது பொருந்தாது. புறப்படும் முன்னர் ஓரிரவு வீட்டாரை உட்கார வைத்து, 15, 26, 91ஆம் அத்தியாயங்களில் வரும் ஸமூதின் வரலாற்றைப் பொருளுடன் ஓதுங்கள். பிள்ளைகள் அதை அறிந்து சென்றால், அங்கே அமைதியாக இருக்கும்படி நாம் அதட்ட வேண்டியிராது.

பார்க்கும் கண்ணோடு படிப்பினை பெறும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.