புல்லட்காரங்களுக்கு என்ன ஆச்சு?

எங்க கோபி பக்கத்துல புல்லட்காரங்கன்னு ஒரு செட்டு உண்டு. எல்லாரும் ஐம்பது, அறுபது வயசைத் தாண்டினவங்க. மஞ்சள், கரும்பு, வாழைன்னு ஏதோ ஒண்ணு வச்சிருக்கறவங்க. ராயல் என்ஃபீல்டு புதுசா ஒரு வண்டி விட்டா முன்னெல்லாம் வேலையைப் போட்டுட்டு ஷோரூமுக்குப் போயிருவாங்க. இப்ப கேட்டா, "அதுல என்னங்க இருக்குது, எல்லா வண்டியும் போல அதுவும் ஒரு வண்டி"ங்கறாங்க. 2022ல் ஹன்டர் வந்தது. 2023ல் புது புல்லட்டும், தண்ணியில் குளிரும் எஞ்சினோடு புது ஹிமாலயனும் வந்தன. செட்டுல ஒருத்தர்கூட போய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலை.

இந்தச் சலிப்பைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

கம்பெனி இங்கிலாந்துல ரெட்டிச் என்ற ஊர்ல பிறந்தது. சைக்கிள் செய்தவர்கள், என்ஃபீல்டில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்களும் செய்து கொடுத்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. 1901ல் முதல் மோட்டார் சைக்கிள், 1932ல் 'புல்லட்' என்ற பெயர். சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லையில் ரோந்து போக நம்ம ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்காரர்களும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் கப்பலில் வந்த பாகங்களைக் கோத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. 1970ல் தாய்க் கம்பெனி மூடிப் போச்சு. திருவொற்றியூர் மட்டும் அந்த 1950கள் வண்டியை ஏறக்குறைய அப்படியே செய்துகொண்டிருந்தது. டேங்க்கின் தங்கக் கோட்டைக்கூட பிரஷ் வைத்து ஆள்தான் வரைந்தார்.

அந்த இரும்பு எஞ்சின் வண்டியைக் கிளப்புவது ஒரு சடங்கு. சாவியைப் போட்டு ஆம்பியர் முள்ளைப் பார்க்கணும். கிக்கரை மெதுவா அமுக்கினா ஒரு இடத்தில் முள் நடுவுக்கு வரும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. தப்பா மிதிச்சா திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிரும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நியூட்ரல் தேடக் குதிகாலுக்குன்னு தனியா ஒரு லீவர். சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. அந்த நீளமும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்ததுதான் "டக்... டக்... டக்".

டேப்பட் பார்க்க மெக்கானிக்கே வேண்டாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து புஷ்ராடை விரலால் உருட்டினால் லேசாகச் சுத்தணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். மோட்டார் ரூமில் பம்புசெட்டைப் பிரிச்சு மாட்டின கைக்கு இது பழக்கமான வேலை.

டீசல் புல்லட்டும் இருந்தது. சிட்டியில இருக்கிற பலர் நம்ப மாட்டாங்க. 325 சிசி, ஆறரைக் குதிரைச் சக்தி. 65ஐத் தாண்டினாலே பெரிசு, ஆனா லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல ஓடும். கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின். அந்த வகைச் சின்ன எஞ்சின்கள் தண்ணி இறைக்கவும் ஓடினதால, விவசாயிக்கு அது பம்புசெட்டுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி. புகை விதிகள் இறுகினதும் நின்னு போச்சு.

இனி புல்லட்காரங்களுக்குப் பிடிக்காத விஷயம். அவங்க இவ்வளவு உருகின அந்தக் காலத்துலதான் கம்பெனி சாகக் கிடந்தது. 1994ல் ஐஷர் கைக்கு வந்த பிறகும் 2000 வாக்கில் மாசம் 2,000 வண்டி விற்பதே பாடு. சித்தார்த்த லால் பொறுப்பேற்று, கியரை இடது காலுக்கு மாற்றி, 2009ல் கிளாசிக்கை அலுமினிய எஞ்சினோடு விட்டார். அதில் டேப்பட் தானே சரி செய்துகொள்ளும். செட்டுக்காரங்க முணுமுணுத்தாங்க, விற்பனை எகிறியது. 2020ல் மீட்டியாரோடு அடுத்த எஞ்சின். அதிர்வைக் குறைக்க உள்ளே ஒரு பேலன்சர், கேம் மேலே போய்விட்டது. 2023ல் புல்லட்டுக்கும் அதே எஞ்சின் வந்தது. உருட்டிப் பார்க்கப் புஷ்ராடே கிடையாது. 2024-25ல் ஒரே வருஷத்தில் 10 லட்சம் வண்டிக்கு மேல் போச்சு. உருகினவங்களை மட்டும் நம்பியிருந்தால் திருவொற்றியூர் எப்பவோ பூட்டியிருக்கும்.

புது வண்டி நல்ல வண்டி. தொண்ணூறில் கை மரத்துப் போகாது, பிரேக் நிற்கிறது, எண்ணெய் ஒழுகாது. இதை அவங்களும் மறுக்கறதில்லை. "சத்தம் போச்சுங்க"ன்னுதான் சொல்றாங்க. அதுல பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை, அதனால நான் சொல்லிடறேன்.

எங்க ஊர்ல முதல் புல்லட் ரைஸ் மில்காரர் வச்சிருந்தது. அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர். வெளியிலிருந்து வந்தால் போலீஸ். வண்டி முக்கு திரும்பறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துரும். திண்ணையில் இருப்பவங்க எழுந்திருப்பாங்க, சைக்கிளில் போறவங்க இறங்கி ஓரமா நிற்பாங்க. யார் இறங்கணும், யார் இறங்க வேண்டியதில்லை என்பது வண்டியை வச்சு முடிவானதில்லை. சாதியை வச்சு முடிவானது. நிலம் வச்சிருந்த எங்க ஆளுகளும் அதில் உண்டு. இன்னிக்கு மாசத் தவணையில் ஹன்டர் எடுத்த பையன் எந்தத் தெருவிலிருந்தும் வர்றான். சத்தம் கேட்டு யாரும் எழுந்திருக்கறதில்லை. செட்டுக்காரங்களுக்கு எது போச்சோ, அதில் இதுவும் சேர்த்தி.

இதை நான் மிகைப்படுத்தறேன்னு நினைக்கறவங்களுக்கு: 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கையை வெட்டினாங்க. புல்லட் ஓட்டினதுதான் காரணம்னு குடும்பம் புகார் கொடுத்தது. மூணு பேர் கைதானாங்க. அதுவும் சிலர் காதுக்கு அவ்வளவு சத்தமா கேட்டிருக்கு.

பழைய இரும்பு எஞ்சின் வண்டிக்கு இப்ப தனி மவுசு. பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆள் வந்து ஷெட்டு ஷெட்டா தேடறாங்க. பாயின்ட் கேப் வைக்கத் தெரிந்த மெக்கானிக் கோபியில் ஒருத்தர் இன்னும் இருக்கார். அவர்கிட்ட ரெண்டு வருஷமா காலனிப் பையன் ஒருத்தன் தொழில் கத்துக்கறான். ஆம்பியர் முள்ளைப் பார்த்து ஒரே மிதியில் கிளப்புவான், எங்க செட்டுல பாதிப் பேருக்கு இப்ப அது வராது. புஷ்ராடு, மேக்னெட்டோன்னு பேச ஆரம்பிச்சா அவன் நிறுத்தறதில்லை.

போன தை மாசம் எங்க செட்டுல ஒருத்தரோட ஷெட்டுல சாக்கு மூடிக் கிடக்கிற இரும்பு புல்லட்டை விலைக்குக் கேட்டான். ரொக்கம் தர்றேன்னும் சொன்னான். அவர் வண்டியில் உட்கார்ந்தே நாலு வருஷம் ஆச்சு. "பார்க்கலாம்"னார். பங்குனியில் பெங்களூர்க்காரர் ஒருத்தர் வந்தப்ப அன்னிக்குச் சாயங்காலமே விலை பேசி, டெம்போவில் ஏத்தி அனுப்பிட்டார். ஏத்தறதுக்குப் பிடிச்சுத் தூக்கினவங்கள்ல அந்தப் பையனும் ஒருத்தன். கிக்கர் எங்கே இடிக்கும்னு அவனுக்குத்தான் தெரிஞ்சிருந்தது.