சோழி, மாசி, அரிசி: மாலத்தீவின் பஞ்ச காலம்

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் மாசி இடிக்கும் ஓசையை அறியாதவர் குறைவு. இலங்கையில் வாழும் நம் உறவினருக்கோ மாசி சேராத சம்பல் சம்பலே அன்று. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி மரக்கட்டை போலாக்கிய அந்தத் துண்டுகள் மாலத்தீவிலிருந்து கொழும்புத் துறைக்கு வந்தவை. அவற்றை அனுப்பியவர்கள் பதிலுக்கு அரிசியை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அந்த அரிசி வராமற்போன சில ஆண்டுகளும் அவர்கள் வரலாற்றில் உண்டு.

மாலத்தீவு பவளப்பாறை மணலால் ஆன நாடு. அங்கே தென்னை செழிக்கும்; நெல் விளையாது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், கி.பி. 1153 அளவில், இஸ்லாத்தைத் தழுவிய அம்மக்களிடையே, 1343இல் வந்திறங்கிய இப்னு பதூதா காழியாகப் பணியாற்றினார். ஊர்ச் சந்தையையும் அவர் கூர்ந்து கவனித்திருக்கிறார். கடலில் பொறுக்கிய சோழிகளே அங்கு நாணயம். நான்கு இலட்சம் சோழிக்கு ஒரு தங்க தீனார். விலை சரிந்தால் பத்து இலட்சம் கொடுக்க வேண்டும். அதே சோழியை மேற்கு ஆப்பிரிக்காவில் தீனாருக்கு 1,150 வீதம் விற்கக் கண்டதாகவும் அவர் எழுதுகிறார். வங்காளத்தார் சோழிகளைப் பெற்றுக்கொண்டு அரிசி தந்தனர். வெளியிலிருந்து வரும் மண்பானை ஒன்றுக்கு ஐந்தாறு கோழிகள் கொடுக்க வேண்டியிருந்ததாம்! நம் ஊரில் குயவர் வீட்டு வாசலில் கிடைத்த பொருளுக்கு அங்கே ஒரு கோழிக்கூடே காலியாகும்.

பிற்காலத்தில் சோழியின் இடத்தை மாசி பிடித்தது; ஏற்பாடு மாறவில்லை. மக்கள் குடியிருந்த தீவுகள் சுமார் இருநூறு. கடைத்தெரு என்று சொல்லத்தக்கது தலைநகர் மாலேயில் மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அங்கே பம்பாயிலிருந்து வந்த போரா வணிகர்களின் கை ஓங்கியிருந்தது. வெளித்தீவு மனிதருக்குக் கடைக்குப் போவது என்றால் கடற்பயணம் போவது. மாசியும் கயிறும் ஏற்றிய பாய்மரப் படகு காற்றுப் பார்த்துப் புறப்பட வேண்டும். அரிசியும் துணியும் ஏற்றி, மீண்டும் காற்றுப் பார்த்துத் திரும்ப வேண்டும். அடுத்த பயணம் வரை அந்த மூட்டைகளே தீவுக்குப் போதுமானவையாக இருக்க வேண்டும்.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மீதே குண்டுகள் விழுந்தன. அரிசிக்குத் தானே பிறரை நம்பியிருந்த இலங்கை, தன் மக்களுக்குப் பங்கீடு செய்யத் தொடங்கியிருந்த நேரம் அது. மாலத்தீவுக்கு அனுப்ப என்ன இருக்கும்? மீன் இருந்தது, வாங்குவாரில்லை. காசு வைத்திருந்தவர் கையிலும் அது வெறும் உலோகமாயிற்று. ஈரப்பலா, சேப்பங்கிழங்கு, தாழம்பழம், தேங்காய், அவையும் தீர்ந்த இடங்களில் இலைதழைகள் என உணவு சுருங்கியது. பசியால் இறந்தவர்களும் உண்டு. அக்காலத்தை மாலத்தீவு மக்கள் ‘பொடு தது’, அதாவது பெருந்துயர், என்று இன்றும் நினைவுகூர்கின்றனர்.

அன்று ஆட்சியில் செல்வாக்குப் பெற்றிருந்த முஹம்மது அமீன் தீதி, அரிசி வணிகத்தைத் தனியாரிடம் விட்டுவிடவில்லை. ‘பொடு ஸ்டோர்’ என்ற அரசுக் கடை வழியே உணவுப் பொருள் பங்கிடப்பட்டது. பயிரிடும்படி மக்கள் தூண்டப்பட்டனர். இங்கே மார்க்கம் சார்ந்த ஒரு கேள்வி எழுகிறது. விலை ஏறியபோது நிர்ணயிக்குமாறு கேட்கப்பட்ட நபி (ஸல்) அவர்கள், விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே என்று கூறி மறுத்தார்கள். உணவைப் பதுக்குபவன் பாவி என்றும் எச்சரித்தார்கள். மாலத்தீவினரும் நாமும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் விலை நிர்ணயம் கூடாது என்பதே வலுவான கருத்து. பஞ்ச காலத்தில் கூடும் என்போரும் உளர். ஆயினும் இக்கட்டுரையாளனுக்கு இங்கு நினைவுக்கு வருவது அஷ்அரி கோத்திரத்தாரின் வழக்கமே. உணவு குறைந்தால் அவர்கள் தம்மிடமுள்ள அனைத்தையும் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பிரித்துக்கொள்வர். அவர்கள் என்னைச் சார்ந்தவர்கள், நான் அவர்களைச் சார்ந்தவன் என்று நபியவர்கள் பாராட்டியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. அஷ்அரிகள் தாமாகவே கொட்டினார்கள். அரசுக் கடையில் அளக்கும் பாத்திரம் அதிகாரியின் கையில் இருந்தது. வேறுபாடு சிறியதன்று.

அமீன் தீதியே அதை அனுபவித்தார். 1953 ஜனவரி 1 அன்று மாலத்தீவுக் குடியரசின் முதல் தலைவரானார். அவ்வாண்டிலும் அரிசித் தட்டுப்பாடு வந்தது. புகையிலைக்கு அவர் விதித்த தடையும் மக்களைக் கசப்படையச் செய்திருந்தது. சிகிச்சைக்காக அவர் இலங்கை சென்றிருந்தபோது பதவி பறிக்கப்பட்டது. திரும்பி வந்தவரை மாலேயில் கூட்டம் தாக்கியது. 1954 ஜனவரியில் அவர் இறந்தார். பெருந்துயர்க் காலத்தில் அவர் திறந்த கடையிலிருந்து அரிசி பெற்றுச் சென்றவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும்.

அரசு வணிகம் அவரோடு முடியவில்லை. 1964இல் தொடங்கப்பட்ட அரசு வணிக அமைப்பே இன்றைய அரசு வணிக நிறுவனமாக வளர்ந்தது. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவற்றைக் கப்பலில் தருவித்து மானிய விலையில் தீவுகளுக்கு அனுப்பிவருவது அந்நிறுவனமே.