விதைக்கூடை காத்த பெண்கள்

தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் மானாவாரிக் காடுதான். ரேஷனில் மலிவாக அரிசி வரவும் சோளமும் தினையும் குறைஞ்சு, பல நிலங்கள் தரிசாச்சு. விதைக்காத வீட்டில் விதை ஏது?

1983-ல் தொடங்கிய டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியோடு சேர்ந்து, ஏழைப் பெண்கள் ஊர்தோறும் சங்கம் வைத்தார்கள். தரிசைத் திருத்தி, சோளம், தினை, துவரை, பயறு எல்லாம் ஒரே காட்டில் கலந்து விதைத்தார்கள். மழை ஏமாற்றி ஒன்று கருகினாலும் இன்னொன்று நிற்குமே! விதையைச் சாம்பல், வேப்பிலையோடு கூடையிலிட்டு மண் பூசி மூடினார்கள். கடன் வாங்கின விதையை அறுவடையில் கூட்டித் தரணும். 2019-ல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

எங்களைப் போன்ற அதிகாரிகள் வெகுகாலம் ஆண்களையே கூட்டத்துக்குக் கூப்பிட்டோம், அதையும் சொல்லணும். உங்கள் வீட்டில் விதை எடுத்து வைப்பது யாருங்க? அடுத்த கூட்டத்துக்கு அவங்களையும் அழைச்சிட்டு வாங்க.