ஓட்டையைப் பார்க்கவா, காற்றைப் பார்க்கவா? ஸ்பாட்டிங் ஸ்கோப் பற்றிச் சில குறிப்புகள்

சித்தப்பா பையன் ஒருத்தன் .22 ரைஃபிளில் 50 மீட்டர் டார்கெட் சுட ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, 20-லேர்ந்து 60 மடங்கு வரைக்கும் பெரிசா காட்டுற ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒண்ணு பன்னெண்டாயிரத்துக்கு வருது. வாங்கிடட்டுமா?"

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. காலேஜில் என்.சி.சி.யில் 25 கஜத்தில் .22 சுட்டதோடு சரி. அங்கே ஸ்கோப்பாவது ஒண்ணாவது? எல்லோரும் சுட்டு முடித்த பிறகு நடந்து போய் பேப்பரில் ஓட்டையைத் தேடுவோம். பாதி பேருக்கு ஓட்டையே இருக்காது, அது வேறு கதை. ஆனால் பழைய துப்பாக்கிப் போட்டிகளைப் பற்றி நான் எடுத்து வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டியபோது, அவனுக்கான பதில் அதிலேயே இருந்தது.

1860 ஜூலையில் லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டன் மைதானத்தில் பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் தன் முதல் போட்டியை நடத்தியது. தொடங்கி வைத்தது விக்டோரியா ராணி. 400 கஜம் தள்ளி டார்கெட். தாங்கியில் ஏற்கெனவே குறிபார்த்து வைத்திருந்த விட்வொர்த் ரைஃபிளின் விசையை அவர் இழுக்க, குண்டு நடுவில் போய் விழுந்தது. அன்றைய டார்கெட் இரும்புத் தகடு. ஈயக் குண்டு பட்டால் நசுங்கித் தெறிக்கும், தடம் மட்டும் இருக்கும். பக்கத்தில் மறைவாக உட்கார்ந்திருக்கும் ஆள் கொடியோ தட்டோ தூக்கி எங்கே பட்டது என்று காட்டுவான், பிறகு அந்தத் தடத்தின்மேல் பெயின்ட் அடிப்பான். ஆக, சுடுகிறவர் தன் குண்டு பட்ட இடத்தைத் தானே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலைக்குத்தான் ஆள் இருந்தானே.

ஆனால் எந்த டார்கெட்டைப் பார்க்கிறோம் என்பது சுடுகிறவர் பொறுப்பு. 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கஜம். அயர்லாந்தின் மில்னர் அருமையாக ஒரு குண்டை நடுவட்டத்தில் போட்டார். பக்கத்து டார்கெட்டின் நடுவட்டத்தில்! அதற்குப் பூஜ்யம். நடுவட்டத்துக்கு அன்று 4 புள்ளி. முடிவு: அமெரிக்கா 934, அயர்லாந்து 931. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் முதல் குண்டுக்கு முன்னால் ஸ்கோப்பில் டார்கெட் நம்பரை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தொலைநோக்கியில் உண்மையிலேயே ஊறிப் போனவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்கு வழிகாட்டும் ஆட்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகும் பித்தளைக் குழாயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மலைச்சரிவைத் துழாவுவார்கள். போயர் போரின்போது, 1900-இல், லோவட் பிரபு இவர்களைத் திரட்டி லோவட் ஸ்கவுட்ஸ் என்ற படையை அமைத்தார். முதல் உலகப்போரில் ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் பிரான்ஸில் ஸ்னைப்பர் பள்ளி நடத்தியபோது, சுடுவதற்குச் சமமாகத் தொலைநோக்கியில் பார்ப்பதையும் பாடமாக வைத்தார். பிரிட்டிஷ் ராணுவத்தின் 'ஸ்கவுட் ரெஜிமென்ட்' தொலைநோக்கி இந்த வம்சத்தில் வந்ததுதான். தோல் சுற்றிய பித்தளை, நீட்டினால் ஒரு முழத்துக்கு மேல். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவத்துக்குத் தேவைப்படாதவை வெளிச்சந்தைக்கு வந்தன. கையில் காசு குறைவாக இருந்த டார்கெட்காரர்களுக்கு அது யோகம்.

நீண்ட தூரம் சுட்டவர்கள் இதில் பார்த்தது குண்டு ஓட்டையை அல்ல, கானலை. டார்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஃபோகஸ் வைத்தால், சூட்டில் நெளிகிற காற்று ஓடுகிற தண்ணீர் மாதிரித் தெரியும். இடமிருந்து வலமாக ஓடினால் காற்று அந்தப் பக்கம். நேராக மேலே கொதித்தால் பக்கவாட்டுக் காற்று இல்லை, இல்லாவிட்டால் திசை மாறப் போகிறது. பட்ட இடத்தைக் காட்ட அங்கே குழிக்குள் ஆள் இருந்தான், காற்றைக் காட்டத்தான் யாரும் இல்லை.

ஓட்டையைப் பார்க்கும் தேவை .22-உடன் வந்தது. போயர் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் சுடும் லட்சணம் வெளிப்பட்ட பிறகு, ராபர்ட்ஸ் பிரபு போன்றவர்கள் சாதாரண ஜனங்களுக்காக மலிவான சிறு ரைஃபிள் கிளப்புகளை ஊக்குவித்தார்கள். தோட்டா மலிவு, இடம் சிறிசு. குழியில் உட்கார்ந்து தட்டு தூக்க ஆள் வைக்க முடியுமா? கண்ணாடிதான் கதி.

இப்போ கணக்கு. 20 மடங்கு ஸ்கோப்பில் 50 மீட்டரைப் பார்ப்பது, இரண்டரை மீட்டரில் நின்று வெறும் கண்ணால் பார்ப்பது மாதிரி. .22 ஓட்டை 5.6 மி.மீ. இரண்டரை மீட்டரில் தெரியாதா? தாராளமாகத் தெரியும். கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் கொஞ்சம் திணறும், அதற்கு 25, 30 மடங்கு போதும். 300 மீட்டரில் அதே 25 மடங்கு என்றால் பன்னிரண்டு மீட்டரில் நின்று 7.62 மி.மீ. ஓட்டையைத் தேடுவது. அங்கேதான் பெரிய லென்ஸும் நல்ல கண்ணாடியும் வேண்டும். அப்படியே இருந்தாலும் மத்தியான வெயிலில் கானல் அதை அழித்துவிடும்.

அந்த 60 மடங்கு? முன் லென்ஸ் 60 மி.மீ. என்றால் அதை 60-ஆல் வகுங்கள். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஒரு மி.மீ. தடிமன்தான், படம் மங்கிவிடும். 20 மடங்கில் மூன்று மி.மீ. வரும், பகலில் கண்பாவைக்கு அது போதும். மலிவான ஸ்கோப்பில் 60 என்பது பெட்டியில் போடுகிற எண், அவ்வளவுதான். நீங்கள் காசு கொடுப்பது லென்ஸ் விட்டத்துக்கும் கண்ணாடித் தரத்துக்கும்.

பழைய பித்தளையையே தேடி வாங்கலாமா என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். வேண்டாம். ஸைஸின் ஸ்மாகுலா, லென்ஸில் ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் பூச்சுக்கு 1935-இல்தான் காப்புரிமை வாங்கினார். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி போய்விடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. போதாக்குறைக்கு, 'ராஸ், லண்டன்' என்று பொறித்து அலங்காரத்துக்காகச் செய்த பித்தளைக் குழாய்கள் சந்தையில் ஏராளம். ஷோகேஸில் வைக்கலாம்.

தம்பியிடம் நான் சொன்னது: பூச்சு நல்லதாக உள்ள 60 மி.மீ. லென்ஸ், 20 முதல் 30 மடங்குக்குள் நிலையான ஐபீஸ், செகண்ட்ஹாண்டாக இருந்தாலும் பரவாயில்லை. மிச்சக் காசைத் தாங்கிக்குப் போடு. படுத்துச் சுடும்போது தலையை மட்டும் லேசாகத் திருப்பினால் கண் ஐபீஸில் பொருந்த வேண்டும், தோள் அசையக் கூடாது. ஐபீஸ் சாய்வாக இருந்தால் இன்னும் சௌகரியம். காகிதத்துக்குப் பின்னால் பளிச்சென்ற நிறத்தில் ஒரு அட்டை வை, ஓட்டை வழியே நிறம் தெரியும். அதற்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

"அப்போ 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு?" என்றான்.

அதற்கு எதுவும் வாங்காதே என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதற்கும் ஒன்று பார்த்து வைத்திருந்தான் போல.