தூங்கும்போது படிக்க முடியுமா? நூறு வருஷமாக ஒரு கேள்வி

போன வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும். பிளஸ் டூ படிக்கும் என் பொண்ணு ஹெட்போனும் கையுமாக வந்து நின்றாள். "அப்பா, பாடத்த ரெக்கார்ட் பண்ணி, தூங்கும்போது ஓடவிட்டா மண்டைல ஏறிடுமாம். நெஜமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் முன்னால் நானும் இதே வேலையைச் செய்தவன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை, ஆல்டால், கன்னிசாரோ என்று என் குரலிலேயே காசெட்டில் பதிந்து, டேப் ரெக்கார்டரைத் தலைமாட்டில் வைத்து இரண்டு வாரம் தூங்கினேன். பரீட்சையில் ஞாபகம் வந்ததெல்லாம் காசெட்டின் முதல் ஐந்து நிமிஷத்தில் இருந்ததுதான். மீதி எங்கே போச்சு என்று அன்றைக்குப் புரியவில்லை. இப்போது தேடிப் படித்தபோது, அதற்கான பதில் நான் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. படித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கதையில் பிறந்த யோசனை

1911-ல் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தன் பத்திரிகையில் ஒரு அறிவியல் தொடர்கதை எழுதினார். கதை நடப்பது 2660-ல். அதில் வரும் ஒரு கருவி, தூங்குகிறவர் மூளைக்குள் புத்தகங்களை நேராக இறக்கிவிடும்.

கதைக்கு வெளியேயும் ஆள் கிளம்பினார். 1927-ல் நியூயார்க்கில் அலோயிஸ் சாலிகர் என்பவர் 'சைக்கோ-ஃபோன்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஃபோனோகிராஃபோடு ஒரு கடிகாரம், அவ்வளவுதான். நடு ராத்திரியில் தானாக ஓடி, செல்வம் சேரும், ஆயுள் கூடும், நல்ல துணை கிடைக்கும் என்று காதில் ஓதும்.

1932-ல் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' வந்தது. தூக்கத்தில் பாடம் என்றாலே எல்லோரும் இந்த நாவலைத்தான் சொல்வார்கள். ஆனால் ஹக்ஸ்லி அதில் எழுதியிருப்பது வேறு. ஒரு சின்னப் பையன் தூக்கத்தில் நைல் நதியைப் பற்றிக் கேட்ட வாக்கியத்தைக் காலையில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பான். ஆனால் ஆப்பிரிக்காவின் நீளமான நதி எது என்று கேட்டால் முழிப்பான். அறிவை இப்படி ஏற்ற முடியாது, மனப்பான்மையை மட்டும்தான் ஏற்றலாம் என்று அந்தக் கதையின் அரசாங்கம் முடிவு செய்துகொள்ளும்.

நகம் கடித்த பையன்கள்

1942-ல் லாரன்ஸ் லெஷான் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். கோடை முகாம் ஒன்றில் நகம் கடிக்கும் 20 பையன்கள். அவர்கள் தூங்கும்போது, 'என் நகம் ரொம்பக் கசக்கிறது' என்ற பொருளில் ஒரு வாக்கியம், ராத்திரிக்கு 300 தடவை, 54 ராத்திரிகள். நடுவில் ஃபோனோகிராஃப் பழுதாகிவிட, லெஷானே இருட்டில் நின்று படித்தாராம்! முடிவில் 40 சதவீதம் பேர் நகம் கடிப்பதை விட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பையன்கள் உண்மையிலேயே தூங்கினார்களா? கண் மூடியிருந்தால் தூக்கம் என்று அர்த்தமில்லையே. இந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் அளந்து பார்க்கவில்லை.

1956: ஈ.ஈ.ஜி. சொன்ன தீர்ப்பு

அளக்கும் வழி அப்போதே இருந்தது. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929-லேயே வெளியிட்டிருந்தார். அதை இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் சைமனும் வில்லியம் எம்மன்ஸும்.

21 பேர். தலையில் ஈ.ஈ.ஜி. மின்முனைகள். ராத்திரி முழுக்க ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கேள்வியும் பதிலுமாக 96 ஒலிபரப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒலித்தபோது மூளை எந்த நிலையில் இருந்தது என்று பதிவானது. காலையில் பரீட்சை.

ஆல்ஃபா அலை, அதாவது கண்ணை மூடி ஓய்வாக விழித்திருக்கும் நிலையின் அலை, இருந்த நேரத்தில் கேட்டவை ஞாபகம் இருந்தன. அலை மங்க மங்க ஞாபகமும் மங்கியது. ஆல்ஃபா மறைந்து தூக்கம் வந்த பிறகு கேட்டதில், குருட்டு ஊகத்தைத் தாண்டி ஒன்றுமில்லை.

என் காசெட்டின் முதல் ஐந்து நிமிஷ மர்மம் இதுதான். நான் அதைத் தூங்கிப் படிக்கவில்லை, தூக்கம் வருவதற்கு முன்னால் முழிச்சிருந்து படித்திருக்கிறேன்!

எல்லோரும் தவறவிட்ட பாதி

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. இந்தக் கருவிகளுக்கெல்லாம் முன்னால், 1924-ல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் வேறொரு கேள்வி கேட்டார்கள். படித்த பிறகு தூங்கினால் என்ன ஆகும்? இரண்டே மாணவர்கள். அர்த்தமில்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்யவேண்டும். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, தூங்கி எழுந்தால் பாதிக்கு மேல் ஞாபகம் இருந்தது. விழித்தே இருந்தால் ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சியது.

தூக்கத்தில் வேறு குழப்பம் உள்ளே வராததால் மறதி குறைகிறது, அவ்வளவுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். அதற்கு மேலும் விஷயம் இருப்பது 1994-ல் தெரிந்தது. வில்சன், மெக்நாட்டன் இருவரும் எலிகளின் ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களைப் பதிவுசெய்தார்கள். ஓடித் திரிந்தபோது சேர்ந்து துடித்த அணுக்கள், பின்னால் ஆழ்ந்த தூக்கத்திலும் சேர்ந்து துடித்தன. பகலில் நடந்ததை மூளை திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

நான் பார்க்கும் வேலையில் இது தெரிந்த சமாச்சாரம். பகல் முழுக்க லாக் சேரும். ராத்திரி டிராஃபிக் குறைந்ததும் பேட்ச் ஜாப் ஓடி அதைப் பிரித்து அடுக்கும். அது ஓடும்போது புது டேட்டாவைத் தள்ளப் பார்த்ததுதான் சாலிகர் செய்த தப்பு, நான் செய்த தப்பும்.

அடுக்கும் வேலைக்கு உதவலாமா?

2007-ல் ஜெர்மனியில் பியோர்ன் ராஷும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். சாயங்காலம் ஜோடிச் சீட்டுகளின் இடங்களைக் கற்கும்போது ரோஜா வாசனை. பிறகு ஆழ்ந்த தூக்கத்தில் அதே வாசனை. மறுநாள் 97 சதவீதம் சரி. வாசனை தராதபோது 86. கவனியுங்கள், கற்கும்போது இல்லாத வாசனையைத் தூக்கத்தில் மட்டும் கொடுத்தால் பலன் இல்லை. 2009-ல் கென் பாலரின் குழு ஒலியை வைத்து இதையே காட்டியது. திரையில் 50 படங்களின் இடங்கள், பூனைக்கு மியாவ், கெட்டிலுக்கு விசில் என்று படத்துக்கொரு ஒலி. தூக்கத்தில் 25 ஒலிகளை மட்டும் மெல்ல ஒலித்தார்கள். அந்தப் படங்களின் இடம்தான் கூடுதல் துல்லியமாக நினைவிருந்தது.

புதிதாக எதுவுமே ஏறாதா? 2019-ல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இல்லாத சொற்களுக்குப் பொருள் சொல்லித் தந்தார்கள், 'டோஃபர்' என்றால் சாவி என்பது போல. சொல், மூளை அலையின் சரியான கட்டத்தில் வந்து விழுந்தபோது, அந்தப் பொருள் ஷூ பெட்டியைவிடப் பெரிதா சிறிதா என்று ஊகிப்பதில் வாய்ப்பைவிடச் சற்று மேலாக வந்தார்கள். தெரிந்து சொல்லவில்லை, ஊகம்தான். அறிவியலுக்கு இது பெரிய விஷயம். பப்ளிக் எக்ஸாமுக்கு உதவாது. அதே வருஷம் சுவிட்சர்லாந்தில் வீட்டிலேயே செய்து பார்த்த ஒரு ஆய்வில், ஒலியால் தூக்கம் கெட்டவர்களுக்கு நினைவு குறையவே செய்தது.

வீட்டில் எடுத்த முடிவு

எழுதி முடித்ததும் பொண்ணிடம் சொன்னேன்: படுக்கும் முன் இருபது நிமிஷம் புத்தகத்தை மூடிவைத்து, படித்ததை ஞாபகப்படுத்திப் பார். அப்புறம் தூங்கு. மீதி வேலையை மூளை பார்த்துக்கொள்ளும்.

"அப்ப காலைல நாலு மணி அலாரம்?" என்றாள்.

மாட்டிக்கொண்டேன். அந்த அலாரத்தை வைத்தவன் நான்தான். பதினோரு மணிக்குப் படுக்கும் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பிவிட்டு, தூக்கத்தில் ஞாபகம் எப்படி வளர்கிறது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம், கனவுத் தூக்கம் பின்னிரவில் அதிகம். நாலு மணி அலாரம் வெட்டுவது இந்த இரண்டாவதை.

அலாரத்தை ஆறு மணிக்கு மாற்றிவிட்டேன். அவள் அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. இந்தப் பதிவைத்தான் படிக்கக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.