அந்தப் பழைய கிற்றார் சத்தம் யாருடையது?

புதிதாக வருகிற பாட்டு ஏன் அப்பா அம்மா காலத்துப் பாட்டு மாதிரிக் கேட்கிறது? உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். போன கிழமை வெளியான பாட்டாக இருக்கும். ஆனால் கிற்றார் ஒரு பெரிய மண்டபத்துக்குள் நின்று அதிர்கிற மாதிரி, குரல் பழைய றேடியோவுக்குள்ளால் வருகிற மாதிரி இருக்கும். படத்தின் நிறமும் வெயிலில் வெளிறிய அல்பம் மாதிரி.

பலெர்மோவில் வளர்கிற எங்களுக்கு இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. 2021 சன்ரேமோ விழாவில் நாலாவது இடத்துக்கு வந்து, அந்த வருடம் முழுக்க இத்தாலி பாடிக்கொண்டிருந்த 'மூசிக்கா லெஜெரிஸ்ஸிமா' உங்களுக்குத் தெரியும். பாடிய இரண்டு பேரும் சிசிலிக்காரர்கள். கொலபெஷே சிராக்கூசாப் பக்கம். திமார்த்தினோ இங்கே பக்கத்தில் மிசில்மேரி. சிறிய இண்டி மேடைகளில் தனித்தனியாக வளர்ந்தவர்கள். அதே வருடக் கோடையில், 1934இல் பிறந்த ஒர்னெல்லா வனோனியோடு சேர்ந்தும் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். பழைய ஒலியைப் பிடித்ததோடு நிற்காமல், பழைய காலத்தின் குரலையே பக்கத்தில் வைத்துப் பாடினார்கள்.

இது இத்தாலியில் மட்டும் நடக்கவில்லை. டெல்லியின் பீட்டர் கற் ரெக்கோர்டிங் கோ. என்ற குழு 2019இல் 'பிஸ்மில்லா', 2024இல் 'பீட்டா' என்று இரண்டு அல்பம் தந்தது. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய நடன மண்டபத்தில் நிற்கிற உணர்வு வரும். கொல்கத்தாவின் பரேக் அண்ட் சிங் 2016இல் 'ஓஷன்' வெளியிட்டார்கள். மிட்டாய் நிறத்தில் படம், மெல்லிய கிற்றார், பழைய பொப்.

சத்தத்துக்கு எப்படி வயதாகிறது?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. 1960களின் கிற்றார் அம்ப்ளிபயர்களுக்குள் ஒரு சுருள்கம்பி இருந்தது. கிற்றாரின் ஒலி அந்தக் கம்பிக்குள் ஓடி, மோதித் திரும்பி வரும். அதனால்தான் அந்த மண்டபத்து அதிர்வு. அடுத்தது ஒலிநாடா. சத்தம் கூடினால் நாடா அதை அப்படியே பதியாமல் கொஞ்சம் அமுக்கும், கரகரப்பாக்கும். எங்கள் காதுக்கு அது சூடான, மெத்தென்ற ஒலியாகக் கேட்கிறது. மூன்றாவது, எல்லோரும் ஒரே அறையில் இருந்து, குறைந்த மைக்குகளோடு சேர்ந்து வாசித்தது. ட்ரம்ஸின் ஒலி பாடகரின் மைக்குக்குள்ளும் ஒழுகும்.

அந்தக் காலத்தில் இவை வசதிக் குறைவுகள். இன்று அந்தக் குறைகளைச் செய்வதற்கென்றே மென்பொருள் விற்கிறார்கள். ஆகவே ரெட்ரோ என்பது ஒரு தெரிவு. எந்தக் காலத்தை, யாருடைய காலத்தை நினைக்க வேண்டும் என்று ஒருவர் தெரிவுசெய்கிறார். கொலபெஷேயும் திமார்த்தினோவும் இத்தாலியின் 'மூசிக்கா லெஜெரா'வைத் தெரிவுசெய்தார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் போட்டுப் பாருங்கள்: மெல்லிசை. எங்கள் அப்பா அம்மா இலங்கை வானொலியில் கேட்ட அதே சொல்.

அப்படியென்றால் நாங்கள் ரெட்ரோ செய்ய நினைத்தால் எந்தக் காலத்துக்குப் போவது? பெரும்பாலானோர் உடனே இளையராஜா என்பார்கள். ராஜாவில் எனக்கும் பைத்தியம்தான். ஆனால் அது சினிமாப் பாட்டு, தமிழ்நாட்டின் கதை. சினிமா இல்லாமல், படக்கம்பனி இல்லாமல், இளைஞர்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பாடிய ஒரு தமிழ் பொப் இருந்தது. அது பிறந்தது இலங்கையில்.

பொப் என்றும் துள்ளிசை என்றும்

1960களின் பிற்பாதியில் கொழும்பில் கிற்றார்க் குழுக்கள் பெருகின. கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்த பெடியள் அவர்கள். ஆனால் பாடியது சொந்த மொழியில், ஊர்க் கதைகளை.

அதே காலத்தில் தமிழிலும் இது தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், விவசாயம் படித்தவர், கிற்றாரோடு பாடத் தொடங்கினார். அவருடைய 'சின்ன மாமியே' பாட்டை உங்கள் வீட்டில் யாராவது நிச்சயம் பாடிக் காட்டுவார்கள். கலியாண வீட்டிலும், ஒன்றுகூடல்களிலும், பஸ் சுற்றுலாவிலும் இன்றும் அது வரும். ஒரு பெடியன் மாமியிடம் மகள் எங்கே என்று விசாரிக்கிறான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு, அந்தக் குறும்பும் அந்த ஊர்க் குறும்பு. சினிமாப் பாட்டில் காதலன் நிலவோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர் பாட்டில் மாமியோடு பேசினார். ஈழத்துப் பொப் இசையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். பிறகு அவர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

இன்னொருவர் ஏ. ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பட்டம். 'சுராங்கனி' அவருடைய குரலில்தான் ஊர் ஊராகப் போனது. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்கிற பாட்டு அது. சிங்களமும் தமிழும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவன் அதன் ஒரு வடிவத்தைப் பாடினார். பிறகு இந்தியாவின் வேறு மொழிகளுக்கும் போனது. அது எங்கிருந்து வந்தது என்பதே பலருக்கு மறந்துபோனது. பல்லாரோச் சந்தையில் மீன்காரர் கூவுவதைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு 'சுராங்கனி' ஞாபகம் வரும். மீனைப் பாட்டாக்குவது தீவுக்காரருக்குப் பொதுவான பழக்கம் போல.

இந்தப் பாட்டுகள் ஏன் அந்தக் காலத்தில் பெருகின? ஒரு காரணம் வானொலி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். இன்னொரு காரணம் பொருளாதாரம். 1970 முதல் 1977 வரை இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. வெளியிலிருந்து வருவது குறைய, உள்ளூரில் எழுதுபவருக்கும் பாடுபவருக்கும் இடம் கிடைத்தது.

ஆனால் அதே வருடங்களை வேறொரு பக்கத்தாலும் பார்க்கவேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து தமிழ் மாணவர்களைக் கொதிக்க வைத்த வருடங்கள் அவை. 1972இல் புதிய அரசியலமைப்பு. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிர்கள் போயின. பொப் பாடி ஆடிய தலைமுறையும் கோபப்பட்ட தலைமுறையும் ஒன்றுதான். பல வேளை ஒரே வீட்டில், ஒரே ஆள். பழைய காலம் என்றாலே பூவும் வெயிலும் என்று காட்டுகிற ரெட்ரோவில் இந்தப் பக்கம் வராது.

ஒரே அரசன், இரண்டு ஊர்

இனித் தாளத்துக்கு வருவோம். இந்தப் பாட்டுகளைக் கேட்டால் கால் தானாக ஆடும். ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிலும் நாலிலும் அழுத்தம் விழும். இதுதான் பைலாத் தாளம். பைலா என்பது போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆடுவது என்று பொருள். போர்த்துக்கேயரும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரும் விட்டுப்போன ஆட்டமும் பாட்டும் கரையோரங்களில் தங்கின. மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கொழும்புப் பக்கத்தில், பொலிஸ்காரராக இருந்த வாலி பஸ்தியான்ஸ் கிற்றாரோடு அதைப் புதுப்பித்தார். மனோகரனும் நித்தியும் அங்கிருந்து எடுத்தார்கள்.

யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது 1619இல். அப்போது போர்த்துக்கலின் அரசன் யார்? 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசன்தான். 1619இல் அது ஸ்பெயினின் மூன்றாம் பிலிப். அவரே சிசிலிக்கும் அரசன். அவருடைய சிலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வியா மக்வேதாவில் நடந்து குவாத்ரோ கந்திக்கு வந்து நிமிர்ந்து பாருங்கள். நாலு மூலையிலும் நடுத்தட்டில் ஸ்பானிய அரசர்கள் நிற்கிறார்கள். அதில் ஒருவர் அவர். எங்கள் ஊரைப் பிடித்தபோது இந்த ஊருக்கும் அரசனாக இருந்தவர், இன்று எங்கள் பெடியள் ஐஸ்கிரீம் தின்னும் சந்தியில் நிற்கிறார்.

அந்தக் காலத்தில்தான் ஐந்து சோடி நரம்புகள் கொண்ட ஸ்பானியக் கிற்றார் இத்தாலியில் பரவியது. 1606இல் புளோரன்சில் மொன்தெசார்தோ என்பவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒவ்வொரு விரற்பிடிக்கும் ஒரு எழுத்து. சங்கீதம் படிக்காதவரும் எழுத்தைப் பார்த்து வாசிக்கலாம். இன்று போனில் கோர்ட்ஸ் பார்த்து வாசிப்பதற்கு அதுதான் முன்னோடி.

1619இலிருந்து 'சின்ன மாமியே' வரை நேர்கோடு ஒன்று போட முடியாது. நடுவில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இசைத்தட்டும் பீட்டில்ஸும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்லலாம். கிற்றார் இங்கே எங்கள் வகுப்புத் தோழர்களின் வாத்தியம், எங்களுக்கு இரவல் என்று யாராவது நினைத்தால் அது தவறு. பலெர்மோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அது ஐபீரியாவில் இருந்து கப்பல் ஏறி வந்ததுதான்.

நாடா அறுந்த இடம்

1970 ஜூலையில் எங்கள் பவொரிதா மைதானத்தில் பலெர்மோ பொப் விழா நடந்தது. அரீத்தா பிராங்ளினும் டியூக் எலிங்டனும் வந்து மேடையேறினார்கள். அந்த விழாவை இந்த ஊர் இன்னும் பேசுகிறது. அங்கிருந்த இளைஞர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று இசைக்குழு வைத்திருக்கிறார்கள். நினைவு கைமாறியது.

எங்களுக்கு அது நடக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இசைத்தட்டும் அங்கேதான் இருந்தது. ஓடியவர்கள் கிற்றாரையா தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? சிங்களமும் தமிழும் ஒரே வரியில் நின்ற பாட்டைப் பாட மனமும் வரவில்லை. பிறகு போர்க்காலம். அந்தக் காலத்துக்கு அதன் பாட்டுகள் இருந்தன. சின்ன மாமி பழைய பகிடியாகச் சுருங்கினாள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். செய்திகளில் 'சுராங்கனி பாடகர்' என்ற ஒரு வரிதான் பெரிதாக வந்தது.

பலெர்மோவுக்கு 1980களில் வந்தவர்கள் வீட்டு வேலை, சமையல் வேலை, காவல் வேலை என்று ஓடினார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் கசெற்றுகள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தன. சிலவற்றில் பெயர்கூட எழுதவில்லை. ஒரு கசெற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்து, அதிலிருந்து மறுபடி பதிந்தது. அந்தக் கரகரப்பு மென்பொருளால் வந்ததில்லை. கை மாறி, நாடு மாறி வந்த தேய்மானம் அது.

அதனால்தான் எனக்கு இது வெறும் ரசனை விஷயமாகத் தெரியவில்லை. டெல்லிக் குழுவோ மிசில்மேரிக்காரரோ பழைய ஒலியை எடுக்கும்போது, மூலம் பத்திரமாக ஒரு அலுமாரியில் இருக்கிறது. எங்களுடையதைப் பாடியவர்களும் வாசித்தவர்களும் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ட்ரம்ஸ் வாசித்தவர் யார், எந்த மண்டபத்தில் பாடினார்கள், எந்த வருடம் என்பதெல்லாம் அவர்களுடைய தலைக்குள் இருக்கிறது.

உங்களில் சிலர் தமிழில் கிற்றார்ப் பாட்டு எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று தெரியும். நல்லது. எழுதும்போது எங்களுக்கென்று ஒரு பழசு இருக்கிறது என்று தெரிந்து எழுதுங்கள். ஆறு எண்ணும் தாளத்தை எடுங்கள். ஊர்ப் பேச்சை எடுங்கள். பலெர்மோத் தமிழில் 'அமுனீ' என்று ஒரு சிசிலியச் சொல் வந்தால் வரட்டும். மனோகரன் மொழி கலந்துதான் பாடினார்.

அதற்கு முதல் ஒரு சின்ன வேலை. இந்த ஞாயிறு வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள்: 'அப்பா, நீங்கள் பெடியனாக இருக்கும்போது யார் கிற்றார் வாசிச்சது?' கேட்கும்போது போனில் பதியுங்கள். பெயர், ஊர், வருடம் மூன்றையும் எழுதி வையுங்கள். சப்பாத்துப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். நாடா ஒட்டிப்போகிறதற்கு முதல் அதைக் கணினியில் ஏற்றுங்கள்.

அடுத்த கட்டுரையில் மட்டக்களப்புப் பறங்கியரைப் பற்றி எழுதுகிறேன்.